விளக்கும் வயலும்

விசையைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. எங்கிருந்து வந்தது இந்த ஒளி? அதில் ஒரு பங்கு நெய்வேலியில் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி தந்தது.

1956இல் நிறுவனம் தோன்றிற்று; 1962இல் மின்சாரம் பிறந்தது. தென்னாட்டுத் தொழில்களுக்கு உயிரூட்டிய பொதுத்துறை அது. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அதைத் தனியாருக்குத் தாரை வார்க்க நினைப்போரை என்றும் எதிர்ப்போம்.

ஆனால், கரி சும்மா வருவதில்லை. மேலே கிடக்கும் மண்ணை அகற்றவேண்டும். மண் என்றால் வயல், வீடு, தோப்பு! கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரையும் இரவு பகலாக இறைத்தாகவேண்டும். இல்லையேல் சுரங்கம் மூழ்கும். கிணறுகள் வற்றுகின்றன என்பது சுற்றுப்புற உழவர்களின் நெடுநாள் முறையீடு.

2023 சூலையில் வளையமாதேவியில் நடந்தது என்ன? கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது எந்திரங்கள் ஏறின. நிலம் முன்பே எடுத்ததுதான் என்றனர். இருக்கட்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கரி, ஓர் அறுவடைக்காலம் பொறுக்காதா?

நிலம் தந்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை. பயிர் நிற்கும் வயலில் எந்திரம் இறங்காது என்ற உறுதி, எழுத்தில். இவ்விரண்டையும் நிருவாகம் தரட்டும். அடுத்த ஊரின் நிலத்தைக் கேட்பதற்கு முன்பே தரட்டும்.