திரை திறக்கட்டும், பின் எண் நம் கையில் இருக்கட்டும்

மல்காஜ்கிரி இரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில், தேநீர்க் கடை முதல் மருந்துக் கடை வரை, கியூஆர் அட்டை இல்லாத இடத்தைக் காண்பது அரிது. கைப்பேசியை அதன்முன் நீட்டியதும் பணம் செலுத்தும் திரை திறக்கிறது. அக்குறியீட்டினுள் இருப்பது ஒரு சிறு வரிதான்: பெறுபவரின் யுபிஐ முகவரி, அவர் பெயர், தேவையெனில் தொகை. அவ்வரி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் எழுத்தில் வரையறுத்துள்ளது. எந்த வங்கியின் குறியீட்டை எந்தச் செயலியால் படித்தாலும் உரிய திரை திறப்பதற்கு அந்த எழுத்தே காரணம்.

இன்று அதே திரையைத் திறக்கப் புதியதொரு கை நீள்கிறது. "அம்மாவுக்கு இரண்டாயிரம் ரூபாய் அனுப்பு" என்று நாம் சொன்னால், செயற்கை நுண்ணறிவு முகவர் செயலியைத் திறந்து, பெயரையும் தொகையையும் நிரப்பி நம்முன் வைக்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில், சாட்ஜிபிடி உரையாடலுக்குள்ளேயே யுபிஐ வழியாகப் பணம் செலுத்தும் சோதனை முயற்சியைக் கொடுப்பனவுக் கழகமும் ரேசர்பே, ஓப்பன்ஏஐ நிறுவனங்களும் அறிவித்தன. பார்வை குறைந்தோருக்கும், சிறிய எழுத்துகளோடு போராடும் முதியோருக்கும் இது பெரும் உதவியாகும். இதனை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும் ஒன்றை உணர வேண்டும். இத்தகைய முகவருக்குப் பொதுவாகச் சில கருவிகளின் பட்டியல் தரப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும், அதற்கு என்னென்ன விவரங்கள் தேவை என்னும் சிறு விளக்கம் இருக்கும். அவ்விளக்கத்தைப் படித்தே எந்தத் திரையைத் திறப்பது என்று முகவர் முடிவு செய்கிறது. "பணப் பரிமாற்றம்" என்று மட்டும் எழுதியிருந்தால், அது பணம் அனுப்பும் திரையா, பழைய பரிமாற்றங்களைக் காட்டும் திரையா? மனிதர் பார்த்தவுடன் தெளிவார், முகவர் ஊகிக்கும். பணத்தில் ஊகத்துக்கு இடமில்லை.

எனவே, ஒவ்வொரு கருவியின் விளக்கமும் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. அது எந்தத் திரையைத் திறக்கும், எவற்றை நிரப்பும் என்பது முதலாவது. திரையைத் திறந்து நின்றுவிடுமா, பரிவர்த்தனையையும் முடிக்குமா என்பது இரண்டாவது. திரையில் தோன்றும் பெயர் எங்கிருந்து வருகிறது என்பது மூன்றாவது. குறியீட்டில் யாரும் எப்பெயரையும் எழுதலாம். அதனாலன்றோ, வங்கிப் பதிவிலுள்ள பெறுபவர் பெயரையே காட்ட வேண்டும் என்று 2025-இல் கொடுப்பனவுக் கழகம் யுபிஐ செயலிகளைப் பணித்தது? முகவர் திறக்கும் திரைக்கும் அவ்விதியே பொருந்த வேண்டும்.

"இவற்றையெல்லாம் வாடிக்கையாளர் படிக்கவா போகிறார்?" என்று கேட்போர் உண்டு. மருந்துப் பெட்டியிலுள்ள தாளையும் எல்லோரும் படிப்பதில்லை. ஆயினும் தவறு நேர்ந்தால் முதலில் தேடப்படுவது அத்தாளே. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்த இந்திய ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, இழப்பு யாரைச் சேரும் என்பதைத் தவறு யாருடையது என்பதைக் கொண்டே வகுத்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு எனில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்றது அச்சுற்றறிக்கை. முகவர் தவறான முகவரியை நிரப்ப, நாம் பின் எண்ணை இட்டுவிட்டால், அது யார் தவறு? கருவி என்ன செய்ய வேண்டும் என்பதும், உண்மையில் என்ன செய்தது என்பதும் பதிவாகியிராவிடில், பழி முதியவர் ஒருவரின் தலையில்தான் விழும்.

வழிகாட்ட நம் நகரத்திலேயே நிறுவனம் உண்டு. 1996-இல் ரிசர்வ் வங்கி ஹைதராபாத்தில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப மேம்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமே, போலி இணையதளங்களிலிருந்து வாடிக்கையாளரைக் காக்க ஏற்படுத்தப்பட்ட 'பேங்க்.இன்' முகவரிகளின் பதிவாளராக விளங்குகிறது. அதுபோலவே, முகவர்கள் பயன்படுத்தும் வங்கிக் கருவிகளுக்கும் பொதுப் பதிவேடு ஒன்று அமைய வேண்டும். அதன் விளக்கங்கள் தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் கிடைக்க வேண்டும்.

அதுவரை நம் பங்கைச் செய்வோம். எந்த முகவரிடமும் பின் எண்ணைச் சொல்லலாகாது. திரையை யார் திறந்தாலும், பெயரையும் தொகையையும் நாமே படித்த பின்னரே பின் எண்ணை இட வேண்டும். மோசடி என ஐயம் எழுந்தால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். திரையைத் திறப்பது எதுவாயினும், ஒப்புதல் நம்முடையதாகவே இருக்கட்டும்.