வீரபாண்டி கிராமமா, நகரமா? ஓர் ஊர் எப்போது நகரமாகிறது, அதை முடிவு செய்வது யார்?

திருப்பூரிலிருந்து பல்லடம் ரோட்டில் போய் வீரபாண்டி பிரிவைக் கடக்கிற யாருக்கும் இது கிராமம்னு தோணாது. பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், வெளியூர்த் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். ஆனால் 2011 வரை அரசுப் பதிவேட்டில் வீரபாண்டி ஒரு கிராம ஊராட்சிதான். அந்த ஆண்டுதான் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளோடும் சுற்றியிருந்த மற்ற ஊராட்சிகளோடும் சேர்த்து திருப்பூர் மாநகராட்சிக்குள் கொண்டுவரப்பட்டது.

மாநகராட்சியின் பரப்பு சுமார் 27 சதுர கிலோமீட்டரிலிருந்து 159 ஆனது. 2011 கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் 4.44 லட்சம் பேர். புதிய எல்லைக்குள் 8.77 லட்சம் பேர். யாரும் வீடு மாறவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது.

இந்தக் கோட்டை யார் போடுகிறார்கள்?

முதல் பதில், மாநில அரசு. அரசியல் சாசனத்தின் 243கியூ பிரிவு மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் சாராத வேலை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. கூடவே, பொருத்தமாகத் தோன்றும் வேறு காரணங்களையும் பார்க்கலாம் என்கிறது. அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதற்குள் எதையும் அடக்கிவிடலாம்.

2004-ல் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கிராமங்களுக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பதற்காக 566 பேரூராட்சிகள் ஒரே அரசாணையில் ஊராட்சிகள் ஆக்கப்பட்டன. 2006-ல் திரும்பவும் பேரூராட்சிகள் ஆயின. கடைவீதியும் பஸ் ஸ்டாண்டும் அப்படியே இருக்க, ரெண்டு வருஷம் அவை 'கிராமம்'.

இரண்டாவது பதில், சென்சஸ். குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயம் சாராத வேலை. மூன்றும் இருந்தால், நிர்வாகத்தில் ஊராட்சியாக இருந்தாலும் அது 'கணக்கெடுப்பு நகரம்'. இப்படிப்பட்ட ஊர்கள் நாடு முழுக்க 2001-ல் 1,362, 2011-ல் 3,894. கணக்கில் நகரம் ஆனாலும், குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு போடுவதும் ஊராட்சிதான்.

அதென்ன ஆண்களை மட்டும் எண்ணுவது? திருப்பூர் வட்டாரத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. செக்கிங்கிலும் டெய்லரிங்கிலும் பெண்கள் இல்லாமல் பனியன் கம்பெனி ஓடாது. காலையில் கம்பெனி வேன் வந்து சுற்றுக் கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. வீட்டில் ஆண் தோட்ட வேலை பார்த்து, மனைவியும் மகளும் கம்பெனிக்குப் போனால், விதியின் கண்ணில் அது விவசாயக் குடும்பம். 2027 கணக்கெடுப்புக்கும் இதே விதிதான் தொடர்கிறது. இது காலத்துக்கு ஒவ்வாத அளவுகோல் என்று சொல்வதில் தவறில்லை.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

சிகாகோவின் லூயிஸ் விர்த் 1938-ல் மூன்று அடையாளம் சொன்னார்: கூட்டம், நெருக்கம், விதவிதமான மனிதர்கள். மதுரைக்காரரும் பீகார்காரரும் ஒடிசாக்காரரும் ஒரே லைன் வீட்டில் குடியிருக்கும் ஊர் இதில் எளிதாகத் தேறிவிடும்.

புவியியலாளர் டெரி மெக்கீ, இந்தோனேசியாவின் ஜாவா போன்ற பகுதிகளைப் பார்த்து 'தேசகோட்டா' என்றார். அந்நாட்டு மொழியில் தேச என்றால் கிராமம், கோட்டா என்றால் நகரம். வயலும் ஆலையும் கலந்து, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத நிலப்பரப்பு. பல்லடம், அவிநாசி பக்கம் தோட்டத்துக்கு நடுவே தறிச்சத்தம் கேட்பவர்களுக்கு இது புதிதல்ல.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு தொடர்புடைய எரிக் தெனி குழு இன்னொரு வழி பிடித்தது. ஊராட்சியா, நகராட்சியா என்று பார்க்கவே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களுக்கு இடையே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல், 10,000 பேர் வசித்தால் அது நகர்ப்பகுதி.

ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020-ல் ஏற்ற முறையும் கிட்டத்தட்ட இப்படித்தான். நிலத்தை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் தொடர்ந்து சேர்ந்து 50,000 பேரைத் தொட்டால் நகரம். இப்படி அளந்தால் இந்தியாவின் நகர மக்கள் விகிதம் சென்சஸ் சொல்வதைவிட மிக அதிகமாக வரும்.

சரி, பெயர் மாறினால் மக்களுக்கு என்ன?

நிறையவே மாறும். ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்தால் சொத்து வரி ஏறலாம். 'நூறு நாள் வேலை' என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் போய்விடும். பதிலுக்குப் பாதாள சாக்கடை, குடிநீருக்குப் பெரிய நிதி கேட்கலாம். வரி உடனே வரும், சாக்கடை மெதுவாக வரும். எதிர்ப்பு கிளம்புவது அதனால்தான். 16 மாநகராட்சிகளோடு 149 கிராம ஊராட்சிகளைச் சேர்க்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்தபோதும், பல ஊர்களில் மக்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார்கள்.

2027 பிப்ரவரியில் மக்கள் எண்ணப்படும்போது, 2025 டிசம்பர் 31-ல் இருந்த எல்லைகளே கணக்கில் கொள்ளப்படும். அதன்பிறகு நகரத்தோடு சேரும் எந்த ஊரும் அந்தக் கணக்கெடுப்பில் கிராமமாகவே பதிவாகும், சென்சஸின் அந்த மூன்று விதிகளில் தேறினால் தவிர.