கேட்கிறான் தொழிலாளி!

"அண்ணே, ரெண்டு நாளா நெஞ்சு அடைக்குது, எந்த டாக்டர்கிட்ட போனா தேவலை?"

துறைமுகத்து வாயிலிலே, காசிமேட்டு மீன் ஏலத்திலே, திருவொற்றியூர்த் தேரடியிலே, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் நிழலிலே, நாள்தோறும் எழும் கேள்வி இது! கேட்பவன் கையிலே அன்றைய கூலி. கேட்கப்படுபவன் கையிலே ஆறிப்போன தேநீர். பதில் வருகிறது:

"ராயபுரத்திலே ஒருத்தர் இருக்கார், பொறுமையாக் கேட்பார், ஆனா ஊசிக்குத் தனிக் காசு. ஸ்டான்லிக்குப் போறதுன்னா விடியக் காலையிலேயே கிளம்பிடு. பழைய சீட்டெல்லாம் மறக்காம எடுத்துக்கோ. துணைக்கு நான் வேணா வர்றேன்."

கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, நன்றிகூட எதிர்பார்ப்பதில்லை. ஓர் உழைப்பாளியின் பட்டறிவு, மற்றோர் உழைப்பாளியின் உயிருக்குக் காவலாகிறது.

இதைத்தான் எள்ளி நகையாடுகின்றனர் சிலர்! "தேநீர்க் கடையிலே மருத்துவம் பார்க்கும் தற்குறிகள்" என்கின்றனர். "படித்தவர் சொல்வதைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டுப் பாழாய்ப் போகிறவர்கள்" என்று பரிகசிக்கின்றனர்.

அந்தப் பண்டிதர்களைக் கேட்கிறேன்: மாளிகைவாசி யாரையும் கேட்காமலா மருத்துவரைத் தேடிச் செல்கிறார்? மனமகிழ் மன்றத்துச் சீட்டாட்ட மேசையிலே கேட்கிறார். மைத்துனர் மருத்துவராயிருந்தால் நள்ளிரவிலும் தொலைபேசியில் கேட்கிறார். ஒருவர் சொன்னது பிடிக்காவிட்டால் வேறொருவரைக் கேட்கிறார். அவர் கேட்டால் அதற்குப் பெயர் ஆலோசனை. அவருடைய காரோட்டி கேட்டால் அதற்குப் பெயர் அறியாமை! குளிரூட்டிய அறையிலே கேட்டால் முன்யோசனை. குழாயடியிலே கேட்டால் மூடத்தனமா? கேள்வி ஒன்றுதான், தோழர்களே! கேட்பவன் சட்டையைப் பார்த்து அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள்!

நம் மக்கள் ஏன் கேட்கிறார்கள்? சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் கேட்கிறார்கள். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002 ஆம் ஆண்டு வகுத்த ஒழுக்க விதிகளைப் புரட்டிப் பாருங்கள். மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவ அறையிலும், மருந்துச் சீட்டிலும், பண ரசீதிலும் காட்ட வேண்டும். கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நோயாளியை வேறிடத்துக்கு அனுப்புவதற்குத் தரகுப் பணம் தரவும் கூடாது; பெறவும் கூடாது. நோயாளி கேட்டால் சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

ஏட்டிலே இருக்கிறது இத்தனையும்! எத்தனை சுவர்களிலே இருக்கிறது? தங்கசாலையில் தொடங்கி எண்ணூர் வரை நடந்து பாருங்கள். மருத்துவமனையின் பெயர் வண்ண விளக்கிலே மின்னும். கட்டணப் பலகையைக் காணத்தான் கைவிளக்கு எடுத்துச் செல்ல வேண்டும்! பலகை மறைத்ததைப் பக்கத்து வீட்டுத் தாய் சொல்கிறாள். மறைத்தவர் கனவான், சொன்னவள் தற்குறியா?

மருத்துவர்களைப் பகைப்பதன்று நம் நோக்கம். 1782 ஆம் ஆண்டு, பசியால் வாடியோர்க்குக் கஞ்சி வார்க்க எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்ததன்றோ நம் ஸ்டான்லி! முதியோர் நாவிலே அது 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. அங்கே பயின்ற மருத்துவர் திருவேங்கடம், 1973 இலே 2 ரூபாய் பெற்று மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். பின்னர் 5 ரூபாய் பெற்றார். 2020 இல் மறையும் வரை வியாசர்பாடி ஏழைகளின் உறவினராகவே வாழ்ந்தார். பழைய வண்ணாரப்பேட்டையிலே மருத்துவர் ஜெயச்சந்திரன். அவருக்கும் '5 ரூபாய் டாக்டர்' என்பதே மக்கள் தந்த பட்டம். 2018 இல் அவர் கண்மூடியபோது கண்ணீர் வடித்தது வடசென்னை. இவ்விருவரையும் ஊருக்குக் காட்டியது எந்த விளம்பரப் பலகை? "அவர்கிட்ட போ, நல்லாப் பார்ப்பார்" என்று ஒரு தாய் மற்றொரு தாய்க்குச் சொன்ன வாய்மொழியன்றோ! மணியையும் பதரையும் பிரித்தறியும் முறம் மக்களிடமே இருக்கிறது.

ஆனால் தோழர்களே, முறத்திலும் ஓட்டை விழலாம். அதையும் சொல்லியாக வேண்டும்.

வழி சொல்வது வேறு. மருந்து சொல்வது வேறு! எந்த மருத்துவர் காது கொடுத்துக் கேட்கிறார், எந்த மருத்துவமனையில் எவ்வளவு செலவாயிற்று, எந்தத் தாளை எடுத்துச் செல்ல வேண்டும் என்பனவற்றைச் சொல்லுங்கள், அது தொண்டு. "எனக்கு இந்த மாத்திரையிலே விட்டது, நீயும் போடு" என்று சொல்லாதீர்கள், அது தீங்கு. உங்களைக் காத்த மாத்திரை அவரைக் கவிழ்க்கலாம். நெஞ்சு அடைக்கிறது என்கிறவனுக்கு அரட்டையிலே அரைமணி கழிந்தால், அந்த அரைமணியே அவன் ஆயுளாகலாம். 108 ஐ அழையுங்கள், பிறகு பேசலாம்! பட்டம் இல்லாமல் ஊசி போடும் போலியும், தாயத்துக் கட்டி நோய் தீர்ப்பதாகச் சொல்லும் பூசாரியும், 'நல்ல இடம் காட்டுகிறேன்' என்று கைபிடித்து அழைத்துப் போய்த் தரகு பெறும் புல்லுருவியும் நம்முடைய இதே வாய்மொழியைத்தான் ஏணியாக்கிக் கொள்கின்றனர். ஆகவே, சொல்பவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீர் அங்கே சென்றீரா? சொல்வதால் உமக்கு என்ன கிடைக்கும்?"

கேட்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. அதைக் கண்டுதான் ஆலை அதிபர்கள் அஞ்சுகின்றனர்.

2023 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு எண்ணூர் முகத்துவாரத்திலே படர்ந்தது. படகும் வலையும் கருத்தன. அதே மாதம் 26 ஆம் நாள், நள்ளிரவு நெருங்கும் வேளை, பெரியகுப்பத்துக் கடலோரம் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர் மக்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொருவரும் தனித்தனியே மருத்துவரிடம் சென்றால் அங்கே அது ஒரு இருமல், ஒரு கண்ணெரிச்சல், சீட்டிலே நான்கு மாத்திரை! தெருவே கூடிப் பேசும்போதுதான் தெரிகிறது, நோயின் வேர் நம் உடலிலே இல்லை, அவர்கள் குழாயிலே இருக்கிறது என்று!

இத்தாலி நாட்டு மருத்துவர் ராமசினி, 1700 ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்றும் மருத்துவர் கேட்க வேண்டும் என்றார். மூன்று நூற்றாண்டு கடந்த பின்னும், "பீடி பிடிப்பாயா?" என்ற கேள்வி வருகிறது, "எந்த ஆலையிலே வேலை?" என்ற கேள்வி வரக் காணோம்! 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, பட்டியலில் உள்ள தொழில்நோயைக் கண்ட மருத்துவர் அரசின் ஆய்வு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. கேட்காத மருத்துவர் எதை அறிவிப்பார்?

ஆகவே நீங்களே சொல்லுங்கள். "அமிலத் தொட்டியருகே வேலை, ஐயா, எங்கள் பகுதியிலே இன்னும் ஆறு பேருக்கு இதே இருமல்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஒருவன் இருமினால் தலைவிதி என்பார்கள். ஒரு தெரு இருமுகிறது என்று எழுதிக் காட்டினால் அது சான்று!

1918 ஏப்ரலிலே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. சங்கங்கள் எப்படிப் பிறக்கின்றன? "உனக்கு என்ன கூலி? உனக்கு எத்தனை மணி வேலை?" என்று தொழிலாளி தொழிலாளியைக் கேட்கும்போது பிறக்கின்றன. கூலியைக் கேட்டோம், சங்கம் கண்டோம். உயிரைப் பற்றிக் கேட்கிறோம். அதற்கு மட்டும் சங்கம் வேண்டாமா?

படிப்பகம் கண்டவர்கள் நாம். நாளேடு கிடக்கும் அந்த மேசையிலே ஒரு குறிப்பேடும் கிடக்கட்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவு எந்த நாளில், காப்பீட்டுத் திட்டத்துக்கு என்னென்ன தாள்கள், எந்த மருத்துவமனை கட்டணப் பலகை வைத்திருக்கிறது, எது வைக்கவில்லை என்று எழுதுங்கள். நோயாளியின் பெயரை எழுதாதீர்கள். அவர் நோய் அவருக்குரிய மறைபொருள். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்: பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995 இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பது, தேசிய மனித உரிமை ஆணையம் 2018 இல் வகுத்தளித்த 17 நோயாளர் உரிமைகளுள் ஒன்று என்பதை எடுத்துரையுங்கள். தனியே செல்ல அஞ்சும் தாய்க்குத் துணையாகச் செல்லுங்கள். மேடையிலே ஆயிரம் பேரிடம் பேசுவதைவிட, புறநோயாளி வரிசையிலே ஒருவருக்குத் துணை நிற்பது குறைந்த தொண்டன்று!

கேட்பவனைக் கேலி செய்தவர்கள் பலர். கேட்காமல் கிடக்கும் மக்களே அவர்களுக்கு வேண்டும். நாம் கேட்போம், கேட்டதை எழுதுவோம், எழுதியதை ஏந்திச் சென்று, பதில் சொல்ல வேண்டியவர்களின் கதவைத் தட்டுவோம்!