இவ்வாண்டா, அடுத்த ஆண்டா?



தை பிறந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களிற் பாதி ஒரே வினாவைத் தாங்கி வருவன. மருத்துவக் கல்லூரிக்குப் பிள்ளையை இவ்வாண்டே எழுதச் சொல்வதா, ஓராண்டு பொறுப்பதா என்பதே அது. இம்முறை திருப்பதியிலிருந்து ஓர் அன்னையார் எழுதிய கடிதம் பலர் மனத்தில் உள்ளதைத் தெளிவாக உரைப்பதால் அதனையே எடுத்துக்கொள்கிறேன். ஆரணியிலிருந்து இவர்கள் குடிவந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மூத்தவள் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டில் பைபிசி பயில்கிறாள். தாவரவியலிலும் விலங்கியலிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. இரசாயனம் நடுத்தரம். பௌதிகமோ தேர்ச்சி வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. “பௌதிகம் தேறும்வரை பொறுத்திருந்து எழுதினால் பெண்ணுக்குப் பெயர் கெடாதல்லவா? இளையவன் எட்டாம் வகுப்பு. அவனையேனும் வேலூரில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாமென்று இவர் சொல்கிறார்” என்று முடிகிறது கடிதம்.

முதலில் பெயர் கெடும் என்னும் அச்சத்தை நீக்கிவிடுவோம். நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருந்தால் போதும். மேல் வயது வரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. ஆகவே எழுதிப் பார்ப்பதால் இழப்பது கட்டணமும் ஒரு பிற்பகலுமே.

ஆனால் உறவினர் கூறும் அறிவுரைகளை ஆராயாமல் ஏற்கலாகாது. அவரவர் தத்தம் காலத்து வழக்கைச் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டில் 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்ணே அனைத்துமாக இருந்தது. 2017-இல் நீட் வந்தது. ஆந்திரத்தில் எம்செட் நடந்த நாளில் இன்டர்மீடியட் மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 25 பங்கு எடை உண்டு. அக்காலத்தில் பௌதிகத்தில் விழுந்த ஓட்டை கடைசிவரை கூடவே வந்தது. இன்று அவ்வாறில்லை. பொதுப் பிரிவினர் பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 50-உம், ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40-உம் பெற்று, ஒவ்வொரு பாடத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே தேறியிருந்தால் முதல் வாயில் திறந்துவிடும். அதன்பின் தரவரிசை முழுவதும் நீட் மதிப்பெண்ணைப் பொறுத்தது. இப்பெண்ணுக்கு உயிரியல் கைகொடுப்பதால் கூட்டுத் தொகைக்குக் கவலையில்லை. பௌதிகத்தில் தேறினாளா என்பது ஒன்றே கவலை. ஒருவேளை தவறினால் துணைத் தேர்வு இருக்கிறது.

இனி இரண்டாம் வாயில். 180 வினா, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 உண்டு. தவறினால் 1 போய்விடும். உயிரியலுக்கு மட்டும் 360, மற்ற இரண்டுக்கும் தலைக்கு 180. இருவர் சமமாக நின்றால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். ஆக, சீரற்ற மதிப்பெண்ணிலும் இவளுடைய சீரின்மை நல்ல பக்கம் சாய்ந்தது. பேச்சுக்காக, உயிரியலில் 300, இரசாயனத்தில் 120, பௌதிகத்தில் 20 வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 440. பௌதிகம் 80 ஆனால் மொத்தம் 500. ஒரே பாடத்தில் அறுபது மதிப்பெண் ஏறுவது ஓராண்டு உழைப்பில் நடக்கக்கூடியது. மூன்று பாடத்திலும் சேர்ந்து இருநூறு ஏறவேண்டியவனின் நிலை வேறு. அவனுக்கு ஓராண்டு போதுமா என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

“தகுதி பெற்றார்” என்னும் சொல்லைக் கண்டு பலகாரம் பங்கிடும் வீடுகளும் உண்டு. 2025-இல் 22 லட்சத்திற்கு மேற்பட்டோர் எழுதினர், 12 லட்சத்திற்கு மேற்பட்டோர் தகுதி பெற்றனர், எம்.பி.பி.எஸ். இடங்களோ நாடு முழுவதும் 1 லட்சத்து 20 ஆயிரம் அளவிலேதான். பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 2023-இல் 137, 2024-இல் 162, 2025-இல் 144 என்று ஏறி இறங்கியது. ஆகவே ஒரே ஆண்டின் எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்யலாகாது. 1960-இல் தோன்றிய திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரி, பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரி, சித்தூர் அப்பல்லோ கல்லூரி ஆகியவற்றில் சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மகள் வாங்கும் எண்ணை அதனருகில் வைத்துப் பாருங்கள்.

ஆகையால் என் கருத்து இது: பெண் இவ்வாண்டே எழுதட்டும். முடிவு வந்தபின் அந்த எண்ணும் இந்த எண்ணும் அருகருகே இருந்து, குறை பௌதிகத்தில் மட்டும் இருக்குமாயின் ஓராண்டு பொறுக்கலாம். நம் பக்கத்தில் ‘லாங் டெர்ம்’ என்று வழங்கும் விடுதிப் பயிற்சிக்கு நகையை அடகு வைக்குமுன், பௌதிகத்திற்கு மட்டும் உள்ளூரில் நல்லாசிரியர் ஒருவரை அமர்த்த இயலுமா என்று பாருங்கள். ஏற்கெனவே தெரிந்த உயிரியலை மீண்டும் நாள்தோறும் கேட்பதற்கு ஏன் பணம் தரவேண்டும்? ஓராண்டுக்குப் பின்னும் இடம் கிட்டாவிடில், மூன்றாம் முறையை வேறொரு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதட்டும். செவிலியர் படிப்பும் உடலியக்க மருத்துவமும் திருப்பதியிலேயே உள்ளன. ஆயுர்வேதக் கல்லூரியும் உண்டு; அதற்கும் நீட் மதிப்பெண்ணே வேண்டும்.

நிற்க. கடிதத்தின் கடைசி வரிதான் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்தது. குடிபெயர்ந்தோர் பலர் இடறும் இடம் அது.

ஆந்திரத்தில் உள்ளூர் மாணவர் என்னும் உரிமை 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து வருவது. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு கல்வியாண்டுகளை அப்பகுதிப் பள்ளி, கல்லூரிகளில் தொடர்ந்து பயின்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது ஒன்பது, பத்து, இன்டர் இரண்டாண்டுகள். தெலங்கானாவில் இதையொத்த விதியை எதிர்த்து எழுந்த வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விதியையே நிலைநிறுத்தியது. இன்டர் முடித்த மூத்தவளைப் பயிற்சிக்குச் சென்னைக்கே அனுப்பினாலும் அவள் உரிமை போகாது. ஒன்பதாம் வகுப்பிலேயே இளையவனை வேலூருக்கு அனுப்பினால் போய்விடும். சரி, தமிழ்நாட்டு இடமாவது எளிதில் கிட்டுமா? அங்கே அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதலே அங்குள்ள அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவனுக்கு அது இல்லை. பிறப்பிடச் சான்றைக் காட்டிப் பொது வரிசையில் நிற்கலாம். ஆயினும் இரு மாநிலங்களில் உரிமை கோருவோரை அங்கே ஏற்பதில்லை.

சாதிச் சான்றிலும் இதுபோன்ற இடர் உண்டு. ஆந்திரத்தில் பழங்குடிச் சான்று பெற்ற குடும்பமொன்று பம்பாய்க்குக் குடிபெயர, அங்கே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்த மகனுக்கு ஒதுக்கீடு மறுக்கப்பட்டது. 1990-இல் உச்ச நீதிமன்றமும் மறுப்பையே ஏற்றது. எனவே ஆரணியில் பெற்ற சான்று திருப்பதியில் செல்லுமா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே கேட்டுவையுங்கள். கலந்தாய்வுக்கு முதல்நாள் ஓடுவதிற் பயனில்லை. அந்தந்த ஆண்டின் விதிகள் விஜயவாடா என்.டி.ஆர். சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் வரும். வரிவரியாகப் படியுங்கள்.

இன்னொன்று, தமிழ்வழியில் பயிலும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்காக. நீட் வினாத்தாள் 13 மொழிகளில் வருகிறது. ஆயினும் அண்மைய ஆண்டுகளின் குறிப்பேட்டின்படி தமிழ்த் தாள் தமிழ்நாட்டு மையங்களில்தான் கிடைக்கும். சித்தூரை மையமாகக் குறித்தால் தெலுங்கு கிடைக்கும், தமிழ் கிடைக்காது. தமிழில் எழுத விரும்புவோர் விண்ணப்பத்திலேயே வேலூரையோ திருவள்ளூரையோ குறிக்கவேண்டும். வேலூர் சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணந்தான். முதல்நாளே போய்த் தங்கிவிடுவது நலம்.