கறுப்பு நிறம் சொல்லும் சேதி

ஆடி பிறந்துவிட்டால் திருவேற்காடு கருமாரியம்மன் சந்நிதியில் பெண்கள் கூட்டம் அலைமோதும். விரதம், பால் குடம், மணிக்கணக்கில் வரிசை. வீடு திரும்பியதும் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். மறுநாளும் ஒன்று, பிறகு அதுவே வழக்கமாகிவிடுகிறது.

சகோதரிகளே, இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் வழவழப்பான பூச்சைக் குறைத்துவிடும். அங்கே புண் உண்டாகி, ரத்தக் குழாய் வரை அரித்துவிட்டால் ரத்தம் கசியும். "சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன்?" என்பீர்கள். மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகும் அதே வேலையைச் செய்வதால், அபாயம் அடியோடு நீங்காது. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் இருதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவரைக் கேளுங்கள்.

குடற்புண் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட டாக்டர் ஸாமர்வெல், குமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்காக ஏராளமானோருக்கு ஆபரேஷன் செய்தவர். காரமும் கவலையுமே காரணம் என்று வெகு நாள் நம்பியிருந்தோம். பெரும்பாலான புண்களுக்கு ஒரு கிருமியே மூலம் என்பதை ஆஸ்திரேலியாவின் மார்ஷல், வாரன் இருவரும் 1980களில் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமியை இன்று மருந்தாலேயே ஒழிக்கலாம். மதுவாலோ மஞ்சள் காமாலைக் கிருமியாலோ ஈரல் கெட்டவர்களுக்கு, உணவுக் குழாயில் நரம்பு புடைத்து வெடித்தும் ரத்தம் கொட்டுவதுண்டு.

அறிகுறி என்ன? மலம் தார் போல் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றம் வீசும். காப்பிச் சக்கை போன்ற வாந்தி, அல்லது சிவந்த ரத்த வாந்தி வரும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுப்பு இராது. சிவந்த ரத்தம் கீழே போனால், "மூலம்தான்" என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். சொல்லக் கூச்சமாயிருக்கிறது என்று மறைப்பதுதான் நம் பெண்களிடம் உள்ள பெரிய குறை. தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு சேர்ந்தால் ஒரு நிமிஷமும் தாமதம் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை: நோயாளியைப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். மோர், கஷாயம், தண்ணீர் எதுவும் வேண்டாம். வலி மாத்திரை கூடவே கூடாது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போகாதீர்கள். வழியில் மயங்கி விழலாம். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

அங்கே முதலில் நரம்பில் திரவம் ஏற்றுவார்கள். தேவையானால் ரத்தமும் கொடுப்பார்கள். பிறகு, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், எண்டோஸ்கோப் குழாயை வாய் வழியே செலுத்தி, கசியும் இடத்தைப் பார்த்து அங்கேயே அடைப்பார்கள். அநேகருக்குக் கத்தி வைக்கவே வேண்டியிராது.

வீட்டில் எல்லோருடைய உடம்பையும் கவனிப்பவர்கள் நீங்கள். இன்று உங்கள் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். டாக்டரைக் கேளாமல் வாங்கிய வலி மாத்திரை அதில் எத்தனை இருக்கிறது?