ஃபர்ஸ்ட் குரூப்பா? அப்ப சரி!

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு நம்ம வீடுகள்ல ரெண்டே கேள்விதான். 'எவ்வளவு மார்க்?' அடுத்தது, 'என்ன குரூப்?' இதுல ரெண்டாவது கேள்வி சும்மா ஒப்புக்கு. நானூறைத் தாண்டிட்டா ஃபர்ஸ்ட் குரூப். அதைக் கேட்டதும் எதிர்ல இருக்கிறவர் 'அப்ப சரி'ன்னு காபியைக் குடிக்க ஆரம்பிச்சிடுவார். வேற எதைச் சொன்னாலும் காபி ஆறிடும்!

2025 மே மாசம் எங்க சித்தப்பா வீட்ல காபி ஆறிப்போச்சு. தங்கச்சி 462 மார்க். 'காமர்ஸ் எடுக்கப் போறேன்'னு சொல்லிட்டா. சித்தப்பா பலசரக்குக் கடை வெச்சிருக்கார். "கடையில பொட்டலம் மடிக்கவா இவ்வளவு மார்க் வாங்கின?"ன்னு சத்தம் போட்டுட்டு, எனக்கு போனைப் போட்டார். "டேய் தம்பி, நீ இன்ஜினீயரிங் படிக்கிறவன், நீ சொன்னா கேப்பா. நாளைக்கு அவகூட ஸ்கூலுக்குப் போ. ஃபர்ஸ்ட் குரூப்னு எழுதிக் குடுத்துட்டு வா."

போனேன். ஆபீஸ் வாசல்ல பெரிய க்யூ. தங்கச்சிகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாம, பக்கத்துல நின்ன பசங்ககிட்ட பேச்சுக் குடுத்தேன். 'ஏன்டா சயின்ஸ்?'

"மார்க் வந்துடுச்சுல்லண்ணே." இதுதான் முதல் பதில். அடுத்தடுத்து நாலு பேர் இதையேதான் வேற வேற வார்த்தையில சொன்னாங்க. ஒருத்தன், "இவன் எடுத்தான், நானும் எடுத்தேன்"னு பக்கத்துல இருந்தவன் தோள்ல கை போட்டான். பக்கத்துல இருந்தவன், "நான் எங்கடா எடுத்தேன்? எங்கப்பா எடுத்தார்!"னான். ஒரு பொண்ணு பளிச்சுனு சொன்னா: நர்சிங். பாட்டியை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்போ ராத்திரி முழுக்கக் கூட இருந்தாளாம். அங்கே பார்த்த ஒரு அக்கா மாதிரி வரணுமாம். க்யூவுல தனக்காக சயின்ஸ் எடுக்கிற ஒரே ஆள் இவதான்னு நினைச்சேன்.

இல்லை. இன்னொருத்தன் இருந்தான். க்யூவுல நிக்கலை, வேப்பமரத்தடியில தனியா நின்னான். நான் ட்ரிபிள் ஈன்னு தெரிஞ்சதும் கிட்ட வந்தான். "அண்ணே, ஃபேன்ல கண்டன்சர் வீக்கானா ஃபேன் ஏன் மெதுவா சுத்துது? கரன்ட் அதே கரன்ட்தானே வருது?"

மாமாவோட மோட்டார் வைண்டிங் கடையில லீவுல வேலை பார்ப்பானாம். காயில் சுத்துவானாம். 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரை மாத்தினா ஃபேன் சரியாகுதுன்னு அவனுக்குத் தெரியும். ஏன்னுதான் தெரியணும். நான் முதல்ல ஃபார்முலாவை ஆரம்பிச்சேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திட்டேன். வீட்டுக்கு வர்ற சிங்கிள் ஃபேஸ் கரன்ட்டால தானா சுழல்ற காந்தப்புலத்தை உண்டாக்க முடியாது. அதுக்காக ரெண்டாவதா ஒரு காயில். அந்தக் காயில்ல போற கரன்ட்டைக் கண்டன்சர் கொஞ்சம் முன்னே தள்ளிவிடும். ரெண்டு காயிலும் மாறி மாறி இழுக்க, ஃபேன் சுத்தும். கண்டன்சர் சொங்கிப் போனா அந்தத் தள்ளல் குறையும், இழுவையும் குறையும்... இப்படிச் சொன்னதும், "ஓ! அதான் கையால சுத்திவிட்டா மட்டும் ஓடுதா!"ன்னான். மூணு வருஷம் படிச்ச எனக்கு அது தோணவே இல்லை.

"சயின்ஸ் குரூப்தானே?"ன்னு கேட்டேன். "288ண்ணே. இங்க நானூறுக்கு மேல இருந்தாத்தான் குடுப்பாங்களாம்."

பாலிடெக்னிக்ல மூணு வருஷம் டிப்ளமோ முடிச்சா நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் சேரலாம்டான்னு சொன்னேன். எங்க கிளாஸ்லயே அப்படி வந்தவங்க இருக்காங்க, மெஷின்ஸ் லேப்ல நாங்க அவங்க முதுகுக்குப் பின்னாடிதான் நிப்போம்னும் சொன்னேன். "அது மார்க் இல்லாதவன் போறதுன்னு வீட்ல சொல்றாங்கண்ணே"ன்னான். அவன் போன் நம்பரையாவது வாங்கியிருக்கணும். வாங்கலை.

சரி, நான் ஏன் சயின்ஸ் எடுத்தேன்? 2020 பேட்ச் நான். கொரோனாவால எங்களுக்குப் பத்தாவது பரீட்சையே நடக்கலை. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம்னு கணக்குப் போட்டுக் குடுத்தாங்க. எழுதாத பரீட்சையில எடுத்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப்! ஃபார்ம்ல அதை எழுதினதுகூட நானில்லை, ஆபீஸ்ல இருந்த சார்தான். மார்க்கைப் பார்த்தார், எழுதினார், 'அடுத்து'ன்னார்.

நம்ம அப்பா அம்மாக்களையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. சயின்ஸ் எடுத்தவன் நாளைக்கு மனசு மாறி சட்டம் படிக்கலாம், சி.ஏ. போகலாம், பி.ஏ. சேரலாம். காமர்ஸ் எடுத்தவன் மனசு மாறினா பி.இ., எம்.பி.பி.எஸ். பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு! 15 வயசுப் புள்ளையை எந்தப் பக்கம் நிறுத்தி வெப்பாங்க? போதாக்குறைக்கு, தமிழ்நாட்டுல 2007-ல இருந்து இன்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது. ப்ளஸ் டூ மார்க்தான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். ப்ளஸ் ஒன் புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடியே வீட்ல அந்த 200-ஐக் கூட்ட ஆரம்பிச்சிடுறாங்க. கூடவே பயாலஜியும் இருந்தா டாக்டர் கனவுக்கும் ஒரு துண்டு போட்டு வெச்ச மாதிரி.

இதையெல்லாம் தங்கச்சிகிட்ட சொன்னேன். கதவு, கட்-ஆஃப், எல்லாம். பொறுமையாக் கேட்டுட்டு, "அண்ணா, எட்டாவதுல இருந்து கடன் நோட்டு நான்தான் எழுதுறேன். ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு வித்தா நமக்கு எவ்வளவு நிக்குதுன்னு அப்பாவுக்கே தெரியலை. எனக்கு அது தெரியணும்"னா. அப்புறம், "நீ ஏன்ணா சயின்ஸ் எடுத்த?"ன்னு கேட்டா.

வேப்பமரத்தடியைப் பார்த்தேன். ஃபேன் பையன் அங்கே இல்லை. ஃபார்மை அவகிட்டயே குடுத்துட்டேன்.

சித்தப்பா எங்கிட்ட ரெண்டு மாசம் பேசலை. ஆடி மாசம் கோயில் கொடைக்குப் போனப்போ, பெரியத்தை ஒருத்தங்க தங்கச்சியை இழுத்துப் பிடிச்சு, "என்ன குரூப்புத்தா?"ன்னாங்க. "காமர்ஸ்." அத்தை முகம் சுருங்கி, "போகட்டும், மார்க் வரலைன்னா என்ன பண்றது"ன்னு தலையைத் தடவிக் குடுத்தாங்க.

பக்கத்துல நின்ன சித்தப்பா வெடுக்குனு சொன்னார்: "யாரு சொன்னா? 462!"