மடிக்கணினியும் மாணவர் கடமையும்

கருவியைக் கையாளுவோர் அதன் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டுமென்பது எத்தொழிற்கும் பொதுவிதி. தச்சன் தன் உளியைத் தானே தீட்டிக்கொள்வான். மாணவராகிய நாமோ, மடிக்கணினி சற்றே தளர்ந்தவுடன் அதனை மூடிப் பரணில் ஏற்றிவிடுகின்றோம். இது முறையன்று. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நாமே நிறுவக் கற்று, அக்கருவியை மீண்டும் பயன்கொள்ளல் வேண்டுமென்பதே நம் கருத்து.

தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று. அப்போது வழங்கிய கருவிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அமைந்திருந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் தமையன்மாரும் தமக்கையரும் பெற்ற அக்கருவிகளுட் சில இன்றும் வீடுகளில் உறங்குகின்றன. விண்டோஸ் 7க்குரிய பொது ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்குரியது 2025 அக்டோபரிலும் முடிந்தன. புதியதொன்று வாங்கப் பொருளில்லாதார், விலைகொடாத களவுப் பிரதியைக் கடையில் ஏற்றிக்கொள்வதுண்டு. பிறர் பாட்டைத் தம் பாட்டென்பாரை இகழும் நாம், இக்களவை மட்டும் சிக்கனமென்று கொள்ளலாமோ?

லினக்ஸை எவரும் பெறலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் ஈயலாம். ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21ஆம் வயதில், 1991இல், இதன் கருவை இயற்றி மூலநிரலையும் வெளியிட்டார். பல நாட்டார் அதனைத் திருத்தி வளர்த்தனர். தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபொழுது தேவார ஏடுகளிற் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்ததென்று திருமுறை கண்ட புராணம் கூறும். பூட்டி வைத்தது அழிதலும், படியெடுக்கப்பட்டது வாழ்தலும் ஏட்டுச்சுவடி பயின்ற நமக்குப் புதிய செய்திகள் அல்ல.

நிறுவும் முறையும் அரிதன்று. முதற்கண், கருவியிலுள்ள கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும்; இதனை மறந்தார் பின்னர் வருந்துவர். அடுத்து, லினக்ஸின் நிறுவற் கோப்பை இணையத்திற் பெற்று, அதற்குரிய செயலியால் பென் டிரைவில் எழுதுக. கணினியை இயக்கும்பொழுது எப்12 முதலிய விசையொன்றை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தால் லினக்ஸ் தோன்றும். நேரடிப் பதிப்பாயின், நிறுவாமலே கம்பியில்லா இணையமும் ஒலியும் இயங்குகின்றனவா என்று சோதித்துக்கொள்ளலாம். நினைவகம் 2 ஜி.பி. அளவேயுள்ள பழங்கருவிக்கு, எக்ஸ்.எப்.சி.ஈ. என்னும் எளிய திரையமைப்புடன் கூடிய டெபியன் ஏற்றது.

தமிழ் மாணவர்க்கு இதிற் சிறப்பான இன்பம் ஒன்றுண்டு. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸிலும் அமைக்கலாம். அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் நிற்கும். ககரத்தை இருமுறை அழுத்தின் முதலது தானே புள்ளி பெறும். ஙகரத்தின்பின் ககரம் வரினும் அவ்வாறே. இலக்கணத்திற் கற்ற இனவெழுத்தின் இயைபு விரல்நுனியில் விளங்குதல் காண்க.

சில அலுவலகச் செயலிகள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பர், உண்மையே. அவை வேண்டுவோர் வட்டில் இடம் வகுத்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பழுது நேரின் கடைக்காரர் அறியார் என்பர். அதுவும் ஓரளவு உண்மையே. ஆயின், கடைக்காரர் அறியாதது நாம் அறியாமலிருத்தற்குக் காரணமாகுமோ? தமிழ் கற்போர்க்கு இது புறம்பு என்பாரும் உளர். ஏடு எழுதியோர் எழுத்தாணி பிடிக்கக் கற்றே எழுதினர்.

ஆதலின், மாணவ நண்பர்காள், வரும் விடுமுறையில் நம்முள் அறிந்தார் இருவர் மூவர் கூடி அறியாதார்க்குக் கற்பிப்போம். ஒவ்வொருவரும் பழங்கருவி ஒன்றையேனும் சீர்செய்து, வீட்டிலோ அண்டையிலோ பயிலும் தம்பி தங்கையர்க்கு அளிப்போமாக.